அக்காவின் ஆம்ப்ளிஃபையர்

பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, கடையின் பின்சுவரோடு ஒட்டி வைத்திருந்த பேஸ் ஆம்ப்ளிஃபையர் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தானாக வாசிக்கத் தொடங்கியது. முதலில் ஒரே சுரம். பிறகு மறுபடியும் அதே சுரம். அதன் பின், யாரோ கண்ணாடி இல்லாமல் மாடிப்படி இறங்குவது போலத் தட்டுத் தடுமாறி மேலே மூன்று, கீழே மூன்று. சரியாகப் பத்து நிமிடம் வாசித்துவிட்டு, பாதியில் எழுந்து போனது போல நின்றுவிட்டது. அப்போது கடையில் தம்பி இருந்தான், அக்கா இருந்தாள், தந்தி வாங்க வந்த கணக்கு வாத்தியார் ஒருவரும் இருந்தார். சத்தம் நல்ல கனம், எத்தனை அங்குல ஸ்பீக்கர் என்று வாத்தியார் விசாரித்தார். பதினைந்து என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. தம்பியின் முகம் அதற்கு முன்பே வெளுத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கடை இருவருக்கும் பொது. பேஸ் கிட்டாரும் அதற்கான ஆம்ப்ளிஃபையரும் வாங்குவார்கள், விற்பார்கள், பழுது பார்ப்பார்கள். வேறு வாத்தியம் எதையும் தொட மாட்டார்கள். அக்காவுக்குக் கை, தம்பிக்கு வாய் என்று தெருவில் சொல்வார்கள். கிட்டாரின் வளைந்த கழுத்தை நிமிர்த்துவது, அதில் விரல் அழுத்தும் தேய்ந்த கட்டைகளை மாற்றுவது, கருகிய ஆம்ப்ளிஃபையரின் வயிற்றைத் திறந்து எந்த இடத்தில் உயிர் போயிருக்கிறது என்று முகர்ந்தே கண்டுபிடிப்பது எல்லாம் அக்கா. இடக்கைக்காரர் ஒருவருக்கு வலக்கைக் கிட்டாரை விற்று, அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி செய்தவன் தம்பி. ஆனால் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. அக்காவின் மேசைக்குப் பின்னால் அவளுடைய சொந்த பேஸ் தொங்கியது. ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஒரு சீட்டு அதில் கட்டியிருக்கும். முன்கை உரசி உரசி மேல்விளிம்பில் வர்ணம் போய் மரம் தெரியும். மூன்றாம் தந்தியை ஏழாவது கட்டையில் அழுத்தினால் லேசாகக் கரகரக்கும். ஊரார் கிட்டாரில் ஒரு கரகரப்பை விடாத அக்கா, இதை மட்டும் சரிசெய்யவே இல்லை. மூக்கால் பேசுகிறவளின் மூக்கை அறுத்தா எறிவார்கள் என்று கேட்பாள்.

பயணிகள் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் அவளுக்கு மூன்று வருட வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கப்பல் புறப்படும். அந்த வாரம் திங்கட்கிழமை அவள் உடல் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் கடைக்குள் வந்தார். வேறு ஊர்க்காரர், ரயிலைப் பிடிக்க வேண்டும், நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது, நல்லதாக ஒன்று கொடுங்கள் என்றார். விற்பதற்குப் பதினாலு பேஸ் வரிசையாக நின்றன. தம்பி மேசைக்குப் பின்னால் போய், சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அக்காவின் பேஸை எடுத்துக் கொடுத்தான். யோசிக்காமல் செய்துவிட்டதாக அவன் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய். சீட்டின் நூல் முடிச்சு அவிழ மறுத்தபோது யோசிப்பதற்கு வேண்டிய அவகாசம் இருந்தது. அக்கா அதை வாசிக்கும் ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்த்தான். தூக்க முடியாது என்று அந்த அம்மாள் விட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் திருப்புளியை எடுத்துப் பின்கதவின் தாழ்ப்பாளைத் தானே பெயர்த்தான்.

போலீஸ்காரர்கள் வந்து திருட்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அக்கா அழவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கடையில் இருந்த பதினாலு பேஸையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்து வாசித்துப் பார்த்தாள். “கை ஒட்டலடா,” என்றாள். அவ்வளவுதான். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கப்பல் போனது. பதினொன்றே காலுக்கு ஆம்ப்ளிஃபையர் வாசித்தது.

வாத்தியார் போனதும் அக்கா பெட்டியின் பின்பலகையைத் திறந்து பார்த்தாள். ஓடும்போது சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழல்கள் எல்லாம் சில்லென்று இருந்தன. எதிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மறுநாள் அது மறுபடி வாசித்தபோது, மூன்றாம் தந்தி ஏழாவது கட்டையில் கரகரத்தது. அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தாள். “என்னோடதுதாண்டா இது. திருடன் வாசிக்கிறான்.” தம்பி, அப்படியா என்று கேட்டான்.

ஊர் இதை ஒரு மாதத்தில் ஜீரணித்தது. மின்வாரியத்திலிருந்து வந்தவர் மீட்டரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யூனிட் ஓடாதவரை எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். பக்கத்துத் தையல் கடைக்காரர், பலகைச் சுவர் அதிர்ந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கொஞ்சம் குறைத்து வைக்கக்கூடாதா என்று கேட்டார். சத்தம் கூட்டும் குமிழைத் திருகினால் குறையத்தான் செய்தது. ஆனால் அக்கா திருக விட மாட்டாள். திருடன் ஏன் எப்போதும் பத்து நிமிடம் மட்டும் வாசித்துவிட்டு அரைமணி நேரம் காணாமல் போகிறான் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. கஞ்சா பிடிக்கப் போகிறான் என்றார் தையல்காரர். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் அந்த அம்மாளின் ஊரும், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்ற சொல்லும் தம்பியின் கையெழுத்திலேயே இருந்தன. அந்தத் தாளைப் பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

இரண்டாம் வருடம் அக்கா பெட்டியோடு பேச ஆரம்பித்தாள். “கட்டை விரலை எதுக்கு அப்படி நசுக்கற? தளர்த்து. ஓடிப்போகாது.” நாலாம் வருடம் திருடன் தாளத்தில் நிற்கக் கற்றுக்கொண்டான். ஆறாம் வருடம் தந்திகள் செத்துப்போய் சத்தம் மூட்டை தட்டுவது போல ஆனது. தந்தி மாத்துடா சோம்பேறி என்று அக்கா ஒரு மாதம் திட்டினாள். ஏழாம் வருடத்தில், எப்போது என்று தெரியாமலே, திருடன் என்ற பேச்சு போய் ‘நம்ம ஆளு’ என்று ஆகியிருந்தது. நம்ம ஆளு இன்னைக்கு லீவு போல. நம்ம ஆளுக்கு உடம்பு சரியில்ல போல. சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் இப்படிச் சொல்லும்போதெல்லாம், தம்பிக்கு எதிரில் இருக்கும் சோறு மண்ணாகிவிடும். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்தான். ஒருமுறை, “அக்கா, அந்த பேஸ் இருக்குல்ல,” என்றுகூடத் தொடங்கிவிட்டான். அதே நேரம் பெட்டி வாசிக்கத் தொடங்கியது. அக்கா அவன் வாயைப் பொத்துவது போலக் கையைக் காட்டினாள். “இரு, இப்பத்தான் கஷ்டமான இடத்துக்கு வரான்.” கஷ்டமான இடம் முடிந்தபோது தம்பியின் தைரியமும் முடிந்திருந்தது. பேச்சால் கடை நடத்தியவன், வர வர வாடிக்கையாளரிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

பதினோராம் வருடம் பெட்டியின் சத்தத்தில் ஒரு கோளாறு நுழைந்தது. ஐந்தாவது கட்டைக்கு மேலே ஒவ்வொரு சுரமும் விலகிக்கொண்டே போனது. அக்கா வேலையை வைத்துவிட்டு எழுந்து எழுந்து நடந்தாள். “கழுத்து வளைஞ்சிருக்குடா. உள்ள இருக்கற கம்பியைக் கால் சுத்து சுத்தினாப் போதும். அதைச் சொல்றதுக்கு அவன் இருக்கற ஊர்ல ஒரு ஆள் இல்லையா?” பல்வலிக்காரியைப் போல அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்றாம் நாள், தம்பி ஸ்பீக்கரின் காந்தத்தைத் தூக்கித் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அந்த ஊரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு டாக்டர்தான், அதுவும் பல் டாக்டர். வரிசையில் உட்காராமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். உட்கார்ந்தான். உள்ளே போனதும் வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தான். கடைவாயில் ஒன்று சொத்தை, எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா ஈறில் ஊசி போட்டார். மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும், அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கிருந்து அக்காவின் பேஸ் கேட்டது. பதினோரு வருடப் பத்து நிமிடங்களின் கணக்கு அப்போதுதான் தம்பிக்குப் புரிந்தது. இத்தனை பேர் வாய் மரத்துக் காத்திருந்த நேரத்தையெல்லாம் அக்கா அங்கே கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். சாய்ந்த நாற்காலியில் கிடந்தபடியே அவன் அழுதான். டாக்டரம்மா திரும்பி வந்து, வலிக்கிறதா என்று கேட்டார். வித்தது நான், ஆனா அது என்னோடது இல்லை என்று அவன் சொல்ல முயன்றான். உதடு ஒத்துழைக்காமல் அது வெறும் கொழகொழப்பாக வந்தது. “மரத்துப் போயிருக்கு, இப்பப் பேசாதீங்க,” என்றார் அவர். பல்லைப் பிடுங்கிய பிறகு, வாயில் பஞ்சோடு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் முழுவதையும் எழுதிக் கொடுத்தான். டாக்டரம்மா இரண்டு தரம் படித்தார். “உங்க அக்காவுக்குத் தெரியுமா?” என்றார். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். “நான் ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன். அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க.”

சனிக்கிழமை மதியம் சொன்னான். அக்கா ஒரு ஆம்ப்ளிஃபையரின் வயிற்றுக்குள் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. ஈயம் ஆறியதும் கோலைத் தாங்கியில் வைத்தாள்.

“எதுக்குடா?”

“நீ போயிடுவியேன்னு. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. தனியா இருக்கப் பயமா இருந்துச்சு.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா இருந்திருப்பியா?”

“இல்ல. போயிருப்பேன்.”

அதற்கப்புறம் அவள் கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மேசையைத் துடைத்தாள், கம்பியைச் சுற்றும் சாவியை எடுத்து வைத்தாள், புதுத் தந்திகளை எடுத்து வைத்தாள். அன்று முழுவதும் அவன் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். அக்கா அவர் கொண்டுவந்த பேஸ் பெட்டியைத் திறந்து பேஸை மடியில் வைத்தாள். கம்பியைக் கால் சுற்று சுற்றினாள், தந்திகளை மாற்றினாள். பிறகு வாசித்தாள். எதோடும் இணைக்காத ஆம்ப்ளிஃபையர், மூன்றடி தள்ளி நின்றபடி, அவளோடு சேர்ந்து வாசித்தது. தையல்காரர் கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றார். முடித்துவிட்டு அக்கா கேட்டாள், “ரெண்டாவது வருஷம் கட்டை விரலைத் தளர்த்திட்டீங்க. யார் சொல்லிக் கொடுத்தது?” “யாரும் இல்லைங்க. வாசிக்கறப்ப பின்னாடி நின்னு யாரோ திட்டற மாதிரியே இருக்கும். அதனால மாத்தி மாத்திப் பார்ப்பேன்,” என்றார் டாக்டரம்மா. “நான்தான்,” என்றாள் அக்கா. டாக்டரம்மா அதை ஒப்புக்கொள்வது போலத் தலையசைத்தார். பேஸை இனி எடுத்துப்போகப் போவதில்லை என்றும் சொன்னார். கடையில் இருந்ததிலேயே நல்லதைத் தம்பி அவருக்குக் கொடுத்தான். ஒவ்வொரு கட்டையிலும் அழுத்திக் காட்டி, இது இந்த இடத்தில் கொஞ்சம் மந்தம், இதைத் தெரிந்துகொண்டு எடுத்துப் போங்கள் என்றான். அவன் வாழ்க்கையில் ஒரு சரக்கின் குறையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கப்பல்காரர்கள் இப்போது சின்ன வயதுக்காரர்களைத்தான் எடுத்தார்கள். ஊர் ஊராக வேனில் போகும் நாடகக் குழு ஒன்றுக்கு பேஸ் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. பதினெட்டு நாளில் அக்கா கிளம்பிவிட்டாள். தெருமுனைவரை பேஸ் பெட்டியைத் தம்பிதான் தூக்கி வந்தான். அவள் வாங்கிக்கொண்டு, “ஆம்ப்ளிஃபையரை வித்துடாத,” என்று மட்டும் சொன்னாள். மன்னிப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் கடிதம் எழுதுகிறவள் அல்ல. மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை, ஏழு மணிக்கு நாடகம். அந்த நேரங்களில் ஆம்ப்ளிஃபையர் வாசிக்கும். கூட்டம் சேர்ந்த நாளும் சேராத நாளும் தம்பிக்குக் கேட்டாலே தெரியும். ஒருமுறை ஐந்து நாள் சத்தமே இல்லை. கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆறாம் நாள் வாசித்தது, காய்ச்சலில் எழுந்தவளின் கையாக. ஈயம் உருக்கப் பழகினான். விரல் நுனிகளில் இரண்டு வருடம் கொப்புளம் ஆறவில்லை. அவன் நிமிர்த்திய கழுத்துகளில் பாதி மறுபடி வளைந்தன, அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். இப்படியே போன ஒரு மாலையில், புதிதாகக் குடிவந்த ஒருவர் பேஸ் பார்க்க வந்தார். சுவரோரப் பெட்டியில் சத்தம் எழுந்ததும் நின்று கேட்டார்.

“நல்லா வாசிக்கறாங்களே. யாரு?”

“எங்க அக்கா. ரொம்ப முன்னாடியே போயிருக்க வேண்டியவங்க. நான்தான் விடல,” என்றான் தம்பி. பிறகு, நாலு தந்தி பேஸ் வேண்டுமா, ஐந்து தந்தி வேண்டுமா என்று கேட்டான். வந்தவர் நாலு என்றார்.