மரவள்ளிக் கீரை வெந்த தண்ணீர்

மலர்க்கொடியின் மகன் சேட்டுவுக்கு அப்போது மூன்று வயது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமுடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. அழுவான், ஆனால் சத்தம் வராது. அதைப் பார்ப்பதுதான் கொடுமை, கண்ணுகளா. குழந்தை சத்தம் போட்டு அழுதால் அவனிடம் இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் மானாம்பதிக்கு வந்த நர்சம்மா அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"பால் குடு, முட்டை குடு. எதுவும் இல்லன்னா கீரையாவது குடு. இப்படியே விட்டா பங்குனி தாங்க மாட்டான்."

அது மாசி மாதம். எண்பத்திரண்டில் மழை பொய்த்து, ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புருஷன் கன்னியப்பன் செங்கல் சூளைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூத்த மகள் செங்கேணி ஒன்பது வயதுக்காரி. கீரை தேடி வரப்பு வரப்பாக அலைந்து வெறும் மடியோடு திரும்புவாள்.

ஊரில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், பெரிய வீட்டு வேதாசலம் கொல்லையில் நட்டிருந்த மரவள்ளி. குச்சிக்கிழங்கு என்போமே, அதுதான். மலர்க்கொடி அங்கேதான் கூலிக்குக் களை கொத்தினாள். செடியெல்லாம் வெட்டுக்கிளி. இலைகள் சல்லடையாகியிருந்தன. ஒருநாள் விவசாய ஆபீசர் வந்து பார்த்தார்.

"மருந்து அடிச்சீங்களா?"

"இல்ல சார். நமக்குக் கெழங்குதான வேணும், எலை போனா போவுது."

"பூச்சி சும்மா வராதுங்க. இந்த எலையில அவ்வளவு சத்து. முட்டைக்கு ஈடுன்னு சொல்றாங்க."

வேதாசலம் சிரித்தார். "அப்போ இந்த ஊர்ல தினம் முட்டை துன்றது வெட்டுக்கிளிதான்னு சொல்லுங்க."

முட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் மலர்க்கொடியின் களைக்கொத்து நின்றுவிட்டது.

சாயங்காலம் கிணற்றடியில் வேதாசலத்தின் மனைவி கோவிந்தம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எலைதானடி, பறிச்சிக்கோ. ஆத்தூர்ல எங்கம்மா வூட்ல கொழுந்தா பறிச்சி, இடிச்சி, வேகவெச்சி, தண்ணிய கொட்டிட்டு வதக்குவாங்க. ரெண்டு வாட்டி கொட்டணும்."

"ஏம்மா கொட்டணும்?"

"கசக்கும்டி. வேற இன்னா?"

கோவிந்தம்மாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதையோ மறைத்தாள் என்று அவளைத் தப்பாக நினைக்காதீர்கள்.

மறுநாள் மத்தியானம் மலர்க்கொடி மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? குச்சிக்கெழங்கு எலைய துன்னுவாங்களா? ஏதாச்சும் பேஜாராயிடப் போவுது."

மலர்க்கொடி ஓர் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஓட்டைகளின் வழியே வெளிச்சம் அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. "பாரு, எத்தினி ஓட்ட! வெஷமா இருந்தா பூச்சி கடிக்குமா? அது துன்னுட்டு நல்லா குதிச்சிக்கினு கீது. எம்புள்ள துன்னா மட்டும் இன்னா?"

என்ட்ரின் என்ற பூச்சி மருந்து வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பெண்கள் கீரையை அப்படித்தான் பார்த்து வாங்குவார்கள். பூச்சி அரித்திருந்தால் மருந்து படாத கீரை. சிட்டம்மாளும் அப்படி வாங்குகிறவள்தான். தலையாட்டிவிட்டுப் போனாள்.

இடிக்க உரல் இல்லை. இலையைக் கிள்ளிப் போட்டு வேகவைத்தாள். தண்ணீர் கரும்பச்சையாக இறங்கியது. வடிக்கச் சட்டியைச் சாய்த்தவளின் கை பாதியில் நின்றது.

பெரிய வீட்டில் சோறு வடித்த கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும். அவள் வீட்டில் அந்தக் கஞ்சிதான் காலை ஆகாரம். வெந்த தண்ணீரைக் கொட்டி அவளுக்குப் பழக்கமே இல்லை.

"கொட்டச் சொன்னாங்களேம்மா" என்றாள் செங்கேணி.

"அவங்க வூட்ல கொட்டுவாங்க. நம்ம வூட்ல கொட்டறதுக்கு இன்னா கீது? சத்தெல்லாம் தண்ணியிலதான்டி எறங்கிக் கீது."

கசப்புக்கு ஒரு துண்டு வெல்லம் போட்டு ஆற்றினாள். செங்கேணி கையை நீட்டினாள்.

"எனக்குக் கொஞ்சம்மா."

"நீ கீரைய துன்னு. தண்ணி தம்பிக்கு."

சேட்டு ஒரு டம்ளர் குடித்தான். குடித்துவிட்டு, "இன்னும்" என்றான். பத்து நாளாக எதையும் கேட்காத பிள்ளை. மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "குடி நைனா, குடி" என்று இரண்டாவது டம்ளரையும் ஊட்டினாள்.

பொழுது சாய்கையில் வாந்தி எடுத்தான். கழுத்து நிற்கவில்லை. மூச்சு வேகமாக இழுத்தது. வேதாசலமே வண்டியைப் பூட்டிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வண்டி ஏரிக்கரை தாண்டுவதற்குள் பிள்ளை மடியில் கனத்துவிட்டான்.

அதே கீரையைத் தின்ற மலர்க்கொடிக்குத் தலைசுற்றல், செங்கேணிக்கு வயிற்றுவலி. அதோடு சரியாயிற்று. பூச்சி தாங்கும் அந்த இலையின் விஷமெல்லாம் வெந்த தண்ணீரில்தான் இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் கோவிந்தம்மாள் வந்தாள். காலனிக்குள் அவள் கால் வைத்ததே அன்றுதான்.

"மலரு, தண்ணிய கொட்டினியாடி?"

மலர்க்கொடி செங்கேணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சத்துன்னு அவனுக்குக் குடுத்துட்டேம்மா. இது கேட்டுது, இதுக்குக்கூடத் தரல. எல்லாத்தையும் அவனுக்கே குடுத்துட்டேன்."

கோவிந்தம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கசக்கும்னுதான்டி எனக்குத் தெரியும்" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

பதினாறு முடிந்ததும் மலர்க்கொடி அதே கொல்லைக்குக் களை கொத்தப் போனாள். வேறு வேலை ஏது? வெட்டுக்கிளிகள் முன்போலவே தின்றுகொண்டிருந்தன. அவள் ஒன்றையும் விரட்டவில்லை.

அன்று கொஞ்சம் நொய்யரிசி கிடைத்தது. செங்கேணிதான் அடுப்பு மூட்டினாள். சோறு வெந்ததும் மலர்க்கொடி பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வடித்த கஞ்சி முழுவதையும் மண்ணில் ஊற்றினாள். ஈரம் உள்ளே இழுக்கும்வரை, ஆடு எதுவும் நக்கிவிடாதபடி காவல் நின்றாள்.

மறுநாளும் பானையைத் தூக்கினாள். செங்கேணி ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, அவள் சாய்ப்பதற்குள் கீழே ஏந்தினாள்.

"அம்மா, இது கஞ்சிம்மா. சோத்துக் கஞ்சி."

மலர்க்கொடி மகளைப் பார்த்தாள். பிறகு சட்டிக்கு எட்டாத தூரத்தில் கையை நீட்டி, ஒரு சொட்டு விடாமல் கொட்டினாள்.