மெத்தைக்கடைக் குரல்

தொலைபேசிக் கம்பனியொன்றின் வாடிக்கையாளர் சேவையில் இருபத்தாறு வருடம் ஊராரின் முறைப்பாடுகளுக்குக் காது கொடுத்தவள் றாஹிலா. ஐம்பத்துமூன்று வயதில், இனி இயந்திரமே பதில் சொல்லும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இயந்திரத்துக்குச் சம்பளமும் வேண்டாம், லீவும் வேண்டாம். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

மிஞ்சியது குரல். காக்கைச் சத்தம் புகாமல் போர்வைக்குள் தலையை விட்டு, கடை விளம்பரங்களைப் போனில் பதிவு செய்யத் தொடங்கினாள். "சொந்தத் தொழில்" என்று கல்முனைக்குடியில் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியும் விட்டாள். அகப்பட்ட முதல் ஆள் மெத்தைக்கடை றிபாஸ். இவன் கைநழுவினால் இரண்டாவது ஆள் வருவாரா என்பது சந்தேகம். ஊர் சிரிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

விளம்பரம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஏறி ஊர் சுற்றத் தொடங்கிய காலையே றிபாஸ் அழைத்தான்.

"என்ன ராத்தா இது, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சத்தம் நிண்டு போகுது? அதையெல்லாம் வெட்டித் தாங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்கணும்."

திரும்பக் கேட்டுப் பார்த்தாள். உண்மைதான். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். போர்வைக்குள்ளும் காத்திருந்திருக்கிறாள், பாவி! வெட்ட உட்கார்ந்தவளுக்கு ஒரு குறுகுறுப்பு: அந்த இடைவெளியில் தெருவில் என்னதான் நடக்கிறது? ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஓட்டோவின் பின்னால் போனாள்.

முதல் ஒழுங்கையில் ஓர் ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்த ஒழுங்கையில் ஒலிபெருக்கி கேட்டது: "நேற்று இரவு நல்லா நித்திரை வந்ததா?"

மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "எங்க வருது!"

"முதுகு நோகுதா?"

"நோகாம?" என்றாள் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி.

றாஹிலாவுக்கு ஹெல்மட்டுக்குள் சிரிப்பு வெடித்தது. பதில் சொல்கிறார்கள்! ஓட்டோவுக்குப் பதில் சொல்கிறார்கள்! அடுத்து யார், என்ன சொல்வார் என்று அறியும் ஆசையில் இன்னும் நெருங்கிப் போனாள்.

மூன்றாவது ஒழுங்கையில், வீட்டு வாசல் படலையடியில் நின்ற பெண் ஒருத்தி நித்திரைக் கேள்விக்குப் பதில் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் விளம்பரம் மெத்தைக்குத் தாவிவிட்டது.

"டேய், நிப்பாட்டு! நான் இன்னும் கதைச்சு முடிக்கல்ல!"

ஓட்டோக்கார மிஹ்லார் பயந்து பிரேக் போட்டான்.

"அந்தக் கேள்வி கேட்ட பொம்புளைக்கிட்டச் சொல்லு. மகன் கட்டாருக்குப் போன நாள் தொட்டு எனக்கு நித்திரையில்ல. ராவு ராவா போனையே பாத்துக்கிட்டுக் கிடக்கன்."

றாஹிலா ஹெல்மட்டைக் கழற்றினாள். "நான்தான் அது. சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறன்."

அந்த நேரம் பார்த்து றிபாஸின் அழைப்பு.

"வெட்டியாச்சா ராத்தா?"

இருப்பதே இந்த ஒரு வாடிக்கையாளர். ஆனாலும் சொன்னாள்: "வெட்ட மாட்டன் தம்பி. அந்த இடைவெளி காணாது. இன்னும் கூட்டணும்."

படலையடிப் பெண் இடையில் புகுந்து, "மெத்தக் கடை எந்தப் பக்கம் இரிக்கி?" என்று உரத்துக் கேட்டாள்.

"பெரிய பள்ளிக்குப் பின்பக்கம் எண்டு சொல்லுங்க ராத்தா! கெதியாச் சொல்லுங்க!" போனுக்குள் றிபாஸ் கத்தினான்.

"பொறுங்க தம்பி, அவ இன்னும் கதைச்சு முடிக்கல்ல."

இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் அழைப்பை றாஹிலா தானாகத் துண்டித்தது அதுதான் முதல் தடவை.