திரைக்கு முன்னால் கிசுகிசு அக்கா

சோபாக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கூடத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கலை மாலை. ஒரு மாதம் பாட்டு, மறுமாதம் நடனம், அதற்கடுத்த மாதம் நாடகம். எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். பாட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்தாவது பாட்டைப் பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். நடனக்காரிகள் முழங்கால் வீங்க ஆடிப் பழகிவிட்டு வருவார்கள். நாடகக்காரர்கள் மட்டும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வெறும் வாயோடு வந்து நிற்பார்கள். கிசுகிசு அக்கா இருக்கிறாள், அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற அவளுக்கு அந்தப் பெயர் நாடகத்தால் வந்தது. ஆறேழு வருஷமாகத் திரையோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நடிக்கிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்து வந்தாள். மேடையில் நிற்பவருக்குக் கேட்கும், முதல் வரிசைக்குக் கேட்காது. அப்படி ஒரு குரலைப் பழக்கி வைத்திருந்தாள். அந்தக் குரலை நம்பி மருந்துக்கடைக்காரர் கதாநாயகனாகக் கைதட்டு வாங்கினார். பியூட்டி பார்லர்காரி கண்ணீர் விட்டுப் பெயர் வாங்கினாள். முக்காலிக்கு யார் கைதட்டுவார்கள்?

அவளுக்கு மனசுக்குள் ஒரே ஓர் ஆசை. ஒரு தடவையாவது தன் குரல் கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், நாடகத்தன்று திரைக்கயிறு இழுப்பவர். "கேட்டுத் தொலையேன், வாய்க்குள்ளயே வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று அவர்தான் கிளப்பிவிட்டார்.

கேட்டாள். நாடகம் எழுதி நடத்துகிற டியூஷன் சாரும் யோசிக்காமல் ஒரு வேஷம் கொடுத்துவிட்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அம்மா, வீட்டை விற்றுவிட்டுத் தனியாக வாழக் கிளம்புகிறாள். அந்த அம்மா வேஷம். கடைசியில் நீளமாக ஒரு பேச்சு, அது முழுக்க அவளுடையது. எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். முக்காலியில் இனி யார் உட்காருவது என்று மட்டும் ஒரு பிரகிருதிக்கும் தோன்றவில்லை. ஒத்திகையிலும் தெரியவில்லை. அவள் நடு மேடையில் நின்றபடியே பழக்க தோஷத்தில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள், அவர்களும் பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டார்கள். இப்படிக் கோட்டை விடுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. கீழ்க்கடை முதலாளி வழக்கம்போல விற்பனைக்கான சோபாக்களையே மேலே ஏற்றியிருந்தார், உறையைப் பிரிக்கக் கூடாது என்ற கண்டிப்போடு. யாராவது அசைந்தால் பிளாஸ்டிக் மொறமொறக்கும். திரை விலகியது. அம்மா நடுவில் கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்; அங்கிருந்து கிசுகிசுத்தால் உதடு அசைவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூத்த மகனாக மருந்துக்கடைக்காரர் விறுவிறுவென்று வந்து, கையை ஓங்கி, வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஓரக்கண்ணால் முக்காலியைப் பார்த்தார். காலி.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. டியூஷன் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த காகிதக் கட்டைத் திரைக்கயிற்றுக்காரரிடம் திணித்து, "படிங்க, படிங்க" என்றார். அந்த மனுஷன் லிஃப்ட்டை ஆறு மாடி ஏற்றுவார், ஒரு வரியை ஏற்ற இறக்கமாகப் படிக்கத் தெரியாது. அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததையும் விடாமல், இருந்ததை இருந்தபடி ஒப்பித்தார். மருந்துக்கடைக்காரரும் பயபக்தியோடு வாங்கி, கூடம் அதிர முழங்கினார்: "கோபமாக முன்னால் வந்து."

சோபாக்கள் மொறமொறத்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அக்காவுக்கு ஆத்திரம். வாழ்க்கையில் ஒரு நாள் கிடைத்தது, அதையும் இந்தச் சோம்பேறிகள் சந்தி சிரிக்க வைக்கிறார்களே. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போனால் அந்தக் கடைசிப் பேச்சு? அதை விடுவதாக இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"என்னடா, கோபமா முன்னால வந்து நின்னுட்டா நான் பயந்துடுவேனா? 'யாரைக் கேட்டு வீட்டை விலை பேசினே'ன்னுதானே கேக்க வந்தே? கேளேன்."

"யாரைக் கேட்டும்மா வீட்டை விலை பேசினே?" என்றார் மருந்துக்கடைக்காரர், போன உயிர் திரும்பியவராக.

கூடம் குலுங்கிச் சிரித்தது. தங்கள் அம்மாவையே பார்த்துவிட்டது போன்ற சிரிப்பு. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லப்போவதைச் சொல்லிவிடுகிற அம்மா எந்த வீட்டில்தான் இல்லை? மகளாக வந்த பார்லர்காரி திருதிருவென்று விழித்தபோது, "நீ மூக்கை உறிஞ்சும்போதே தெரியுதுடி. 'பேரன் பேத்தி முகம் வேண்டாமா'ன்னு ஆரம்பிப்பே. ஆரம்பி" என்றாள். மகள் ஆரம்பித்தாள். நடுவில் தடுக்கியபோது, "'வயசான காலத்துல'ன்னு இழுப்பியே, அதை விட்டுட்டியே" என்று கொடுத்தாள். சின்ன மகன் வாயே திறக்கவில்லை; அவன் பங்கையும் அவளே சொல்லி, "அப்படித்தானே?" என்றாள். அவன் தலையாட்டினான். அதற்கும் கைதட்டல். எழுதியவரே எழுதாத நாடகம் ஒன்று ஜாம்ஜாமென்று ஓடியது. டியூஷன் சார் திரையோரம் வாய் பிளந்து நின்றார்.

கடைசிக் காட்சி. பிள்ளைகள் மூன்று பேரும் ஒதுங்கினார்கள். அக்கா முன்னால் வந்தாள். இனி எல்லாம் அவளுடையது. கரைத்துக் குடித்த பேச்சு, ஒரு சொல் பிசகாது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள். நன்றாகத்தான் சொன்னாள். இரண்டு மூன்று வரி போனதும் முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டுவதைக் கவனித்தாள். ஏன் நீட்டுகிறார்கள் என்று புரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: "அக்கா, ஒண்ணும் கேக்கலை."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எழுதின வசனத்தை இத்தனை வருஷம் அவள் ஒரே விதமாகத்தான் சொல்லியிருக்கிறாள். இப்போதும் நாக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது, மேடைக்குக் கேட்கும்படி, முதல் வரிசைக்குக் கேட்காதபடி. பிள்ளைகளை அதட்டியதெல்லாம் அவளாகப் போட்டுக்கொண்டது, அதனால் வாய் திறந்து வந்தது. எழுதின வசனம் என்றதும் தொண்டை தானாகவே முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. கண் கலங்கியது. ஊரார் வசனத்தையெல்லாம் கரை சேர்த்துவிட்டுத் தன் வசனத்தைத் தானே விழுங்குவதா?

"கேக்கலையா?" என்றாள் அந்தப் பெண்ணிடம், கூடம் முழுக்கக் கேட்க. "என் தப்புதான். பழகிப்போச்சு. முதல்லேர்ந்து சொல்றேன்."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்த வீட்டுல எல்லாரும் பேசினீங்க, நான் கேட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு என்ன வேணும்னு நீங்க யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. அதுல உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி. என் பாதியை இன்னிக்கு நான் சரி பண்ணிக்கிறேன். கதவுக்குப் பக்கத்துல என் பெட்டி இருக்கு. யாரும் தூக்க வேண்டாம்."

கடைசி வரிசைக்கும் பின்னால், படிக்கட்டில் இடமில்லாமல் நின்றவர்கள் வரைக்கும் அது போனது. ஒரு சோபாகூட அசையவில்லை.

இனி மூத்த மகன் ஒரு வரி சொல்ல வேண்டும், அம்மா போக வேண்டும். மருந்துக்கடைக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். அந்த வரி அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் முக்காலிப் பக்கம்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா" என்றார். எந்த நாடகத்திலும் அவர் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

அம்மா அவர் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கூடம் எழுந்து நின்று தட்டியது. வீட்டுக்காரர் திரையை இழுக்க மறந்து தானும் தட்டினார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு டியூஷன் சார் தலையைச் சொறிந்தபடி வந்தார். "பிரமாதம்மா. சரி, அடுத்த நாடகத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்க யாரைப் போடலாம்னு நீயே சொல்லேன்."

அவள் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரையாவது போடுங்க சார். எனக்கு என்ன வேஷம், அதைச் சொல்லுங்க."