பிரின்ஸ் நின்ற இடம்

மனிதகுலம் குதிரையின் முதுகில் ஏறித்தான் நாகரிகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த வாக்கியத்தைக் கஜேந்திரன் நானுஓயாவுக்கு மேலே இருக்கும் தன் குடும்பக் குதிரைப் பண்ணையின் வாசலில், நீலப் பலகையில் தங்க எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார். பலகைக்குப் பின்னால் மூன்று குதிரைகள். மூன்றும் நுவரெலியாப் பந்தயத்தில் கடைசியாக வந்து, உடையவர்களால் கைகழுவப்பட்டவை. இவற்றின் முதுகில் ஏறும் மனிதகுலம் ஏரிக்கரையில் சோளம் அவிக்கும் கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும்.

குடும்பப் பண்ணை என்பதிலும் பாதிதான் உண்மை. நிலம் மனைவி நாகலெட்சுமிக்குச் சீதனமாக வந்தது. அவளுக்கு அதில் உருளைக்கிழங்கு போட வேண்டும். அவளுடைய தம்பி ஜெயகாந்தனுக்கு மரக்கறி லொறி இருக்கிறது. அவனுக்கும் அதே எண்ணம்தான்.

“இந்த மாசத்துக்குள்ள உருப்படியா ஒரு வேலை பிடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி குதிரைங்க வெளிய போகணும். அதுங்க போகலன்னா நான் போறேன். நான் போனா நெலமும் என்கூட வரும்” என்று சொல்லியிருந்தாள்.

“நான் குதிரைக்கு அன்பாலயே பாடம் சொல்லிக் குடுக்கிறவன். ஒனக்கு அது வெளங்காது.”

“வெளங்குதுங்க. என் பாத்தியில கேரட் கொறையுறப்பல்லாம் வெளங்குது. கட்டின நாள்ல இருந்து எனக்கு ஒரு கேரட்ட நீட்டியிருப்பீங்களா?”

அன்புப் பாடம் இதுதான்: தகரத்தைத் தட்டுவார், முகத்துக்கு நேரே குடையை விரிப்பார், குச்சியில் பொலித்தீன் பையைக் கட்டி ஆட்டுவார். குதிரை மிரளாமல் இருந்தால் கேரட். கடைசிப் பாடம் ஃபோன். ஏரிக்கரைக்கு வருகிறவர்களுக்குச் சவாரியைவிடப் படம்தான் முக்கியம். அதனால் யார் ஃபோனைத் தூக்கினாலும் குதிரை நான்கு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். ஃபோன் கீழே இறங்கிய பிறகுதான் நடக்க வேண்டும். பிரின்ஸ் என்ற வெள்ளைக் குதிரை இதில் தேறிவிட்டது. ஃபோனைக் கண்டால் அதன் கண்ணில் ஒரு ஞானம் இறங்கும். பிறகு இடி விழுந்தாலும் அசையாது.

வேலை தலவாக்கலையிலிருந்து வந்தது. அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் முத்துலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு. பெண் பார்க்க வந்த அன்று அவர்களில் யாரோ, “இங்கெல்லாம் மாப்பிள்ளைய லொறியிலயா கூட்டிட்டு வருவீங்க?” என்று சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து முத்துலிங்கத்துக்கு மகளைக் கட்டிக்கொடுப்பதைவிடச் சம்பந்தியின் வாயை அடைப்பதே பெரிய காரியமாகிவிட்டது.

“தம்பி, மாப்பிள்ள குதிரையில வந்து எறங்கணும். அவிங்க வாயத் தொறக்கக் கூடாது.”

“பிரின்ஸ் கொழந்த மாதிரிங்க ஐயா. ஒரே ஒரு விசயம், மண்டபம் வரைக்கும் யாரும் ஃபோனத் தூக்கக் கூடாது.”

முத்துலிங்கம் அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் அதைத் தங்களுக்கு விடுத்த சவாலாக எடுத்துக்கொண்டு, கோபத்தோடு ஃபோன்களைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

பிரின்ஸை ஏற்றிப்போக ஜெயகாந்தனின் லொறிதான் கிடைத்தது. நேற்று ஏற்றிய லீக்ஸ் கட்டுகளின் வாடை இன்னும் போகவில்லை.

“எறக்கி விட்டுட்டு வெதக்கெழங்கு ஏத்தப் போறேன் மச்சான். திரும்புறப்ப ஒங்க குதிர மூட்ட மேலதான் நிக்கணும்.”

“ஒன் கெழங்கு மூட்டையிலயே மொளைக்கட்டும்டா. இன்னைக்குப் பாரு, நாளைக்கே ஓட்டல்காரன்லாம் நம்ம வாசல்ல நிப்பான்.”

கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நாதஸ்வரம் முன்னால், தலைப்பாகையோடு மாப்பிள்ளை நடுவில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கஜேந்திரன். பிரின்ஸ் பூமாலை போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடந்தது. கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டு தெரிந்தது. முத்துலிங்கம் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தார்.

பிரின்ஸ் நின்றது.

குதிரை நின்றதைப் பார்த்ததும் கூட்டம் ஃபோனை எடுத்தது. மாப்பிள்ளை வீட்டார்தான் அதிகம். நிற்கிற குதிரையை, அதன்மேல் வியர்க்கிற மாப்பிள்ளையை, வாசலில் அணைந்துகொண்டிருந்த ஆரத்தியை எல்லாரும் படம் பிடித்தார்கள். “ஃபோன எறக்குங்க! எறக்குங்க!” என்று கஜேந்திரன் கத்தினார். அவர் கத்துவதையும் பிடித்தார்கள். பதற்றத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினார். நன்றாக நின்றதற்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று பிரின்ஸ் இன்னும் நன்றாக நின்றது.

“இது குதிரையா, செலையா?” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. “லொறியிலயே வந்திருக்கலாம் போல.”

“ஒங்க மாப்பிள்ள கனத்துக்கு லொறியும் நின்னுருக்கும்” என்றார் முத்துலிங்கம்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குப் போய்விடலாமா என்று தவில்காரரைப் பார்த்தார். தூறல் விழுந்தது, குடைகள் விரிந்தன. குடைக்கும் பிரின்ஸ் மிரளவில்லை; அந்தப் பாடத்திலும் அது தேறியதுதான். கடைசியில் மாப்பிள்ளை குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சரிந்து இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போனார்.

“என் மானத்த வாங்கிட்டீங்களே தம்பி” என்று முத்துலிங்கம் கும்பிட்டார். “இந்தப் பக்கமே வந்திராதீங்க.”

கஜேந்திரன் வீடு வந்து சேர்ந்தபோது ஜெயகாந்தன் லொறியிலிருந்து முதலில் பிரின்ஸை இறக்கினான். பிறகு விதைக்கிழங்கு மூட்டைகளைக் குதிரைக் கொட்டிலுக்குள்ளேயே அடுக்க ஆரம்பித்தான்.

“டேய், நிறுத்துடா! இது கொழும்புக்காரனுங்க செஞ்ச சதி” என்று கஜேந்திரன் முற்றத்தில் நின்று கத்தினார். “மொதல்ல ஃபோனத் தூக்கினவன் யாருன்னு தெரியட்டும். பொலிசுக்கே போறேன். ஒரு குடும்பத்துப் பொழப்பையே கெடுத்துட்டான் பாவி!”

நாகலெட்சுமி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பழக்கதோஷத்தில் பிரின்ஸ் கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டது.

அதில் ஓடியது பண்ணையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போயிருந்த நேரலை. பிரின்ஸின் காது, மாலை, தூரத்தில் ஆரத்தித் தட்டு எல்லாம் தெரிந்தன. “அன்பார்ந்த நேயர்களே, நமது பண்ணையின் வரலாற்றில்...” என்று கஜேந்திரனின் குரல் தொடங்கியதும் குதிரை நின்றது. சுற்றியிருந்த கூட்டத்தில் அந்த நேரத்தில் ஒருவர் கையிலும் ஃபோன் இல்லை.

“நாளைக்குக் காலையில மண்ணக் கொத்தணும்” என்றாள் நாகலெட்சுமி. “குதிரைக்காரங்களும் வரலாம்.”

நேரலையை அவளைத் தவிர யாரும் பார்த்திருக்கவில்லை.