ஐந்தாவது வளையம்

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். தண்ணீர் கொதித்ததும் மைலோ கலக்கி நின்றபடியே குடிக்கிறேன். இரண்டு துண்டு ரொட்டி. கீழே பிரிக்பீல்ட்ஸ் தெரு ஹாரன் அடிக்கத் தொடங்கும். வேலை நாள் என்றால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஷா ஆலமுக்குக் காரோட்டுகிறேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. சனிக்கிழமை என்றால் துணியை மெஷினில் போடுகிறேன், தரையைத் துடைக்கிறேன், இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளின் மூடியில் படிந்த தூசியைத் துடைக்கிறேன். மூடியைத் திறப்பதில்லை.

கடந்த சனிக்கிழமை திறந்தேன். மதியம் விநாயகமூர்த்தி டர்ன்டேபிளை விலைக்கு வாங்கிப்போக வருவதாக இருந்தது.

டர்ன்டேபிள் தாமரையுடையது. தாமரை என் மனைவி. நான் சோபாவில் படுத்துப் பாட்டுக் கேட்பவன். அவள் தரையில் மண்டியிட்டு ஊசியைப் பார்ப்பவள். பிப்ரவரியில் டிங்கி காய்ச்சல் வந்தது. அந்த மாதமே இறந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என் சட்டையைப் பிடித்து ஒரு விஷயம் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் வந்த தாதி, காய்ச்சலில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். கதவருகே நின்ற ராஜினி அத்தைக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. மகள் கடைசியாக “அம்மா” என்று கூப்பிட்டதாகத் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை. அவள் சொன்னதை யாரிடமும் சொல்லவும் இல்லை. மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு நல்ல சொல் கிடைக்கிறது. எனக்குக் காய்ச்சலின் உளறல்தான் கிடைத்தது என்று நினைத்திருந்தேன். எட்டு மாதமாக என்னை உறுத்தியது அதுதான்.

விநாயகமூர்த்தி கிள்ளானில் கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். தாமரையின் இசைத்தட்டுக் கூட்டாளி. அவர்கள் இருவருக்கும் ஒரு பழைய வம்பு உண்டு. இருவரிடமும் ஒரே மாதிரி சோதனைத் தட்டு இருந்தது. அதில் பாட்டு கிடையாது, ஐந்து வளையங்களாக ஒரே ரீங்காரம்தான். ஒவ்வொரு வளையமும் முந்தியதைவிடப் பலமாக இருக்கும். ஊசி எந்த வளையம் வரை இரையாமல் போகிறதோ, அதுவரை ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். இருவரும் நான்கு வரை போயிருந்தார்கள். ஐந்தைத் தாண்டியவர் இல்லை.

ஐந்தைத் தாண்டத்தான் தாமரை ஜனவரியில் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கினாள். அதே வாரம் அவள் பிறந்தநாளுக்கு நான் ஒரு டிஜிட்டல் ஸ்கேல் வாங்கிக் கொடுத்தேன். ஊசி தட்டின்மேல் எவ்வளவு கனத்தில் உட்காருகிறது என்று காட்டும் சின்னக் கருவி. அதை வைத்து இரண்டு கிராமுக்குச் சரிசெய்தாள். நான்காவது வளையத்திலேயே வலது காதில் இரைந்தது. முன்பு சுத்தமாகப் போன வளையம் அது. ஒரு வாரம் முட்டிபோட்டே கிடந்தாள். விநாயகமூர்த்தி வந்து கேட்டுவிட்டு, ஊசி வளைந்திருக்கிறது, டாக்டரம்மா ஏமாந்துவிட்டார் என்று சிரித்துவிட்டுப் போனார். அவளை அவர் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். கார்ட்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் சாதித்தாள். பிறகு காய்ச்சல் வந்துவிட்டது.

விற்கிற பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மூடியைத் திறந்தேன். சோதனைத் தட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். மூன்று வரை பரவாயில்லை. நான்கில் வலது காதில் குளவி புகுந்தது. ஐந்தில் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளியது. விநாயகமூர்த்தி சொன்னது சரி என்றுதான் பட்டது.

இருந்தாலும் ஸ்கேலை எடுத்து வைத்தேன். அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நெம்புகோலை இறக்கினால் ஊசியைத் தாங்கும் கை, அவள் ஆர்ம் என்பாள், மெதுவாகக் கீழே வரும், ஊசி ஸ்கேலின் பிளாஸ்டிக் தட்டில் உட்காரும். உட்கார்ந்தது. இரண்டு கிராம். கணக்கு சரி.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கை மெதுவாகத்தான் வந்தது. கடைசி மயிரிழையில் மட்டும் விழுந்தது. மறுபடி தூக்கி இறக்கினேன். மறுபடியும் கடைசியில் வெடுக்கென்று விழுந்தது. கீழே இருந்து யாரோ இழுத்தது போல.

அப்போது ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

குசினிக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் கேமரன் மலையில் வாங்கிய ஸ்ட்ராபெரி காந்தம் இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து ஸ்கேல்மேல் வைத்தேன். டக்கென்று ஒட்டியது. ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்தேன். ஸ்ட்ராபெரி விழவில்லை.

பிளாஸ்டிக்குக்கு அடியில், ஸ்கேலின் உடம்பில், இரும்பு இருந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது. இரும்பு அதைக் கீழே இழுக்க, அந்த இழுப்பையும் ஸ்கேல் எடையோடு சேர்த்துக் காட்டியிருக்கிறது. இரண்டு என்று அது காட்டியபோது ஊசி இரண்டு கிராமில் இல்லை. கனம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் நிற்காமல் இரைந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜுக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு மேசை டிராயரைக் கவிழ்த்தேன். ஊசியின் கனம் பார்க்கும் அவளுடைய பழைய அளவி கிடைத்தது. சீசா பலகை மாதிரி ஒரு துண்டு, முழுக்கப் பிளாஸ்டிக். இரண்டு கிராம் கோட்டில் வைத்து ஊசியை இறக்கினேன். பலகை அசையவில்லை. ஒன்றரைக்கு நகர்த்தியதும் சாய்ந்தது. ஊசிக் கையின் பின்னால் உள்ள எடைக் குண்டைத் திருகித் திருகி, பலகை இரண்டில் சமமாக நிற்கும்வரை கொண்டுவந்தேன்.

நான்காவது வளையம் சுத்தமாகப் போனது. ஐந்தில் ஊசி துள்ளவில்லை. ஆனால் இரைந்தது, இந்த முறை இடது காதில்.

அது ஆன்டி-ஸ்கேட் கோளாறு. சுழலும் தட்டு ஊசியை எந்நேரமும் நடுப்பக்கம் இழுக்கும். அதை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க நூலில் ஒரு சின்ன எடை தொங்கும். வலது காதின் இரைச்சலை அடக்க தாமரை அந்த நூலைக் கம்பியின் கடைசி வெட்டுவரை தள்ளி மாட்டியிருந்தாள். இப்போது அவ்வளவு இழுப்பு தேவையில்லை. அவளுடைய புருவச் சாமணத்தால் நூலை எடுத்தேன். ஒரு வெட்டு உள்ளே மாட்டினேன்.

சரிசெய்த பிறகு ஐந்தாவது வளையத்தைத் தனியாகக் கேட்க முடியவில்லை. அதற்குள் விநாயகமூர்த்தி கதவைத் தட்டிவிட்டார். கையில் பபிள் ராப்பும் வாழைப்பழப் பெட்டியும். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

“பெரிய டெஸ்ட்டெல்லாம் வேணாம் தம்பி. போன ஊசி. எனக்கு அந்த ஆர்ம் மட்டும் போதும்.”

“ஒரு நிமிஷம் அங்கிள்.”

முதல் மூன்று வளையங்கள் ஓடும்வரை அவர் பபிள் ராப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான்காவதில் கை நின்றது. ஐந்தாவது தொடங்கியதும் அறை முழுதும் ரீங்காரம் நிறைந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இரைச்சல் இல்லை. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. ஒரே சுருதி, கோடு போட்டது போல. ஊசி அதன்மேல் அசையாமல் கடைசிவரை போய், வளையம் முடிந்து, அமைதிக்குள் இறங்கியது. நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. வாய் வலித்தது. சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விநாயகமூர்த்தி இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“ஏமாந்தது நான்தான்,” என்றார். “டாக்டரம்மா ஜெயிச்சிட்டாங்க.”

விற்கவில்லை என்றேன். அதை நான் கேட்கவே இல்லையே என்றார். காந்தத்தையும் ஸ்கேலையும் காட்டினேன். ஸ்ட்ராபெரியைப் பிடுங்கி, ஒட்டி, பிடுங்கி, ஒட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“தம்பி, என்கிட்டயும் இதே ஸ்கேலுதான் லா இருக்கு.”

நான் சத்தமாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பழைய அளவியை இரவல் கேட்டார், திருப்பிக் கொண்டுவருவதாக இரண்டு தடவை சத்தியம் செய்தார். அதை வாழைப்பழப் பெட்டியில் தனியாக வைத்து, கொண்டுவந்த பபிள் ராப் முழுவதையும் அதற்கே சுற்றினார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது, நீங்களா என்று கேட்டார்.

தாமரை என்றேன். எப்போது என்றார். ஆஸ்பத்திரியில் என்றேன். ஒரு வாரம் முட்டிபோட்டுப் பார்த்ததை அவள் அங்கே படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். உளறவில்லை. கணக்குப் போட்டிருக்கிறாள். ராஜினி அத்தைக்கு அந்த “அம்மா” இருக்கட்டும். அதை எடுக்க மாட்டேன். என் சட்டையைப் பிடித்து அவள் உண்மையில் சொன்னதை முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

“யுகேன், ஃப்ரிட்ஜ்ல இருக்குற மேக்னட்ட எடுத்து அந்த ஸ்கேல் மேல வெச்சுப் பாரு. ஒட்டும். பந்தயம் வெச்சிக்கலாம்.”