புத்தூர் – பிச்சாட்டூர் ஷேர் ஜீப்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சுஜிதா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஹால் அலமாரியின் மேல்தட்டில் கண்ணாடிப் பெட்டி மட்டும்தான் இருந்தது. உள்ளே ஜீப் இல்லை.

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே வழக்கம்போல அவளுடைய மற்ற ஒன்பது கார்களும் வரிசையாக நின்றன. கணவன் கிளாட்வின் பெட்டியைத் துடைத்துவிட்டு ஜீப்பை வேறெங்காவது வைத்திருப்பானோ என்று நினைத்துத் திரும்பினாள். அவன் சோபாவில் காலை நீட்டி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, ஜீப் எங்க?"

"அதுவா, பாஸ்கர் சாருக்குக் குடுத்துட்டேன்." டிவியிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "காலைல திருப்பதி போனேன் இல்ல, அப்ப எடுத்துக்கினு போனேன். போன்ல போட்டோவப் பார்த்ததிலருந்து மனுஷன் கேட்டுக்கினே இருந்தாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ குடுப்பியா? அதான் கேக்கல."

சுஜிதாவுக்குக் காது இரண்டும் சூடேறியது.

சித்தூரில் ஒரு பல் லேபில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து பல் செட்டும் கேப்பும் செய்து கொடுப்பாள். கிளாட்வின் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவன் இல்லாத சாயங்காலங்களில் அவள் மாடல் கார் கட்டுவாள். ஏழு வருஷமாகக் கட்டுகிறாள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களைப் படத்தில் இருப்பதுபோல ஒட்டி முடிப்பதில் அவளுக்கு ருசி இல்லை. வெட்டுவாள், நீட்டுவாள், இல்லாததைச் சேர்ப்பாள்.

அந்த ஜீப்புக்கு ஏழு மாதம் ஆனது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஜப்பானிலிருந்து கிட்டாக, பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது பட்டாளத்து ஜீப். அதைப் பின்பக்கம் நீட்டி, எதிரெதிர் சீட் வைத்து, புத்தூருக்கும் பிச்சாட்டூருக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் ஷேர் ஜீப்பாக மாற்றியிருந்தாள். பல் வரிசை சரிசெய்யும் கம்பியை வளைத்து மேலே கேரியர். பல் செட் செய்யும் அக்ரிலிக்கில் ஹெட்லைட். பழைய ஹேண்ட்பேகின் உள்துணியில் சீட், அதில் ஒரு கிழிசல், கிழிசலுக்குள்ளே தேங்காய் நார். மட்கார்டுக்கு அடியில் செங்கல் பொடியைப் பசையில் குழைத்துச் சேறு அப்பியிருந்தாள். முன் கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பெயரைத் தெலுங்கில் எழுத மூன்று நாள் ஆனது. மூச்சுவிட்டால் பிரஷ் ஆடும்.

"பொம்மைதான சுஜி" என்றான் கிளாட்வின். "இன்னொண்ணு செஞ்சுக்கோ. இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கற?"

"நீ போய் வாங்கிக்கினு வா."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. கிளாட்வின் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"குடுத்தத எவனாவது திருப்பிக் கேப்பானா? அவர் என் மேனேஜர். இதுல என் வேலை விஷயமும் இருக்குது."

"இன்னா விஷயம்?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

 அவள் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவன் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் காலை கிளாட்வின் சர்ச்சுக்குக் கிளம்பிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சுஜிதா செருப்பை மாட்டினாள். கையில் காலிக் கண்ணாடிப் பெட்டி.

"ஆராதனைக்கு அத எதுக்கு எடுத்துக்கினு வர?"

"நான் சர்ச்சுக்கு வரல. திருப்பதி போறேன்."

அவன் ஓடிவந்து வாசலில் கையை நீட்டி மறித்தான். "என் மானத்த வாங்காத சுஜி. சொன்னா கேளு."

"கைய எடு" என்றாள். அவன் எடுத்தான்.

பாஸ்கரின் வீடு திருப்பதியில் எம்.ஆர்.பள்ளி என்ற பகுதியில் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஒருமுறை போயிருந்ததால் வழி தெரியும். பஸ்ஸில் முழு நேரமும் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மரியாதையாகத்தான் கேட்க வேண்டும், என் கணவர் தெரியாமல் கொடுத்துவிட்டார் என்று சொன்னால் போதும், பெரிய மனுஷர், புரிந்துகொள்வார்.

பாஸ்கரின் மனைவி மஞ்சு கதவைத் திறந்தாள். "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் வரவேற்று உட்காரவைத்தாள். பாஸ்கர் நகரிப் பக்கத்து ஆள், தமிழும் நன்றாக வரும். கிளாட்வினின் மனைவி என்றதும் தமிழிலேயே பேசினார்.

"வாம்மா. கிளாட்வின் வரலியா? உன் வீட்டுக்காரன் கை கை இல்லம்மா, மிஷின். அங்க பாரு."

ஷோகேஸின் நடுவில் ஜீப் நின்றது. அதன் இடப்பக்கச் சைடு கண்ணாடி உடைந்து போயிருந்தது. நேற்றுத்தான் வந்தது, அதற்குள் யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள்.

"ஏழு மாசமா ரூம்ல ஒக்காந்து செஞ்சேன்னு சொன்னான்" என்றார் பாஸ்கர். "இவ்ளோ நாள் இத ஏன்டா மறைச்சன்னு கேட்டேன். எங்ககிட்ட சாம்பிள் செக்‌ஷன்னு ஒண்ணு இருக்குது. புதுப் பார்ட் எல்லாம் மொதல்ல கையால செஞ்சு பார்ப்போம். அடுத்த மாசத்திலருந்து அவனை அங்க போடறேன். இந்தக் கை கார் பம்பர் எண்ணிக்கினு ஒக்காரக் கூடாது."

பஸ்ஸில் தயாரித்து வந்த பேச்சு முழுவதும் அவளுக்கு மறந்துபோனது. காலையில் வாசலை ஏன் மறித்தான் என்பது இப்போது புரிந்தது.

"சார், இத செஞ்சது நான்."

பாஸ்கர் சிரித்தார். "கூட இருந்து ஒத்தாசை பண்ணியிருப்ப, இல்லன்னு சொல்லல."

"ஒத்தாசை இல்ல சார். நான் செஞ்சேன். கேரியர் கம்பி பல்லுக்குப் போடறது. நான் பல் லேப்ல வேலை செய்யறேன். அவருக்கு அந்தக் கம்பி எங்க கெடைக்குதுன்னுகூடத் தெரியாது. ஸ்டீயரிங்கத் திருப்புங்க, முன் சக்கரம் திரும்பும். எப்படித் திரும்புதுன்னு அவரக் கேளுங்க. இப்பவே கேளுங்க."

அவள் குரல் உயர்ந்ததில் மஞ்சு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். பாஸ்கரின் சிரிப்பு போய்விட்டது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கிளாட்வின் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான்.

"கிளாட்வின், உன் ஒய்ஃப் வந்திருக்காங்க. ஜீப்ப அவங்கதான் செஞ்சாங்கன்னு சொல்றாங்க. நெஜமா?"



"சார்... அவ பெயிண்ட் அடிக்கிறதுல கொஞ்சம் ஹெல்ப் பண்ணா சார். அவளுக்குக் கொஞ்சம் கோபம், தப்பா எடுத்துக்காதீங்க."

சுஜிதா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "முன் சக்கரத்துக்கு எத்தினி கம்பி வெச்சேன்? சொல்லு. அடியில இருக்கறது ஒட்டினதா, பத்த வெச்சதா? நீ செஞ்சதுதான, சொல்லு!"

 போன் கட்டானது.

பாஸ்கர் போனை மேசைமேல் வைத்தார். முகம் கறுத்திருந்தது. "உங்க வீட்டுச் சண்டைய ஞாயித்துக்கெழமையும் அதுவுமா என் வீட்டு ஹால்ல கொண்டாந்து வெக்கிறியேம்மா. இதனால உன் புருஷனுக்கு இன்னா ஆகும்னு யோசிச்சியா?"

"அவர் யோசிக்கல சார். நீங்களும் யோசிக்கல. அவர் செஞ்சேன்னு சொன்னதும் ஒரு கேள்வி கேக்காம நம்பிட்டீங்க. நான் சொன்னதுக்குச் சிரிச்சீங்க. நான் மட்டும் எதுக்கு யோசிக்கணும்?"

 மஞ்சு ஷோகேஸைத் திறந்தாள். ஜீப்பை இரண்டு கையாலும் எடுத்துவந்து சுஜிதாவின் பெட்டிக்குள் வைத்தாள். உடைந்த கண்ணாடியையும் தேடி எடுத்து, ஒரு பேப்பரில் மடித்துக் கொடுத்தாள். "தீஸ்கோ அம்மா", எடுத்துக்கோ என்றாள். கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பெட்டியை மடியில் வைத்துச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "அச்சு அசல் நம்ம பிச்சாட்டூர் வண்டி! எங்க வாங்கின?" என்றாள்.

"வாங்கல. நான் செஞ்சேன்."

அவள் போட்ட சத்தத்தில் முன்னாலிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் போய்க் கத்திவிட்டோமே என்று சுஜிதாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் ஒரு இம்மிகூட இறங்கவில்லை. கொடுத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். 'பெயிண்ட் அடிக்கிறதுல கொஞ்சம் ஹெல்ப்' என்றானே, அதுதான் பஸ் பூதலப்பட்டு தாண்டியும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

கிளாட்வின் சர்ச்சுக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு சோபாவிலேயே உட்கார்ந்திருந்தான். டிவி ஓடவில்லை.

"சுஜி, நான் வேணும்னு சொல்லல" என்றான். "கேன்டீன்ல சாருக்குப் போட்டோவக் காட்டினேன். யார்றா செஞ்சதுன்னாரு. பன்னெண்டு வருஷமா அந்த ஆளு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஏய், சூப்பர்வைசர்னுதான் கூப்பிடுவாரு. அன்னிக்குத் தோள்ல கை போட்டாரு. நான்தான் சார்னு வாயில வந்துட்டுது. அப்புறம் திருப்பிச் சொல்ல முடியல."

அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

"அன்னிக்கு முடியல, சரி. இன்னிக்கு நான் அங்க நின்னுக்கினு இருந்தேனே. உன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா, அவர் நெஜமான்னு கேக்கறாரு. 'ஆமா சார்'னு ரெண்டு வார்த்தை. அதுகூட வரல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்கு நான் போய் இன்னா சொல்றது?"

"நடந்தத சொல்லு."

"செக்‌ஷன் போயிடும்."

"அது உன்னோடது இல்ல. போனா போவட்டும்."

திங்கட்கிழமை விடிவதற்குள் அவன் கிளம்பிப் போனான். மத்தியானம் அவள் லேபில் மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. 'சார்கிட்ட சொல்லிட்டேன். நீதான் செஞ்சன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் திட்டினாரு.' அவள் இரண்டு முறை படித்தாள்.  கத்தியை எடுத்து, பாதியில் நின்ற கடைவாய்ப் பல்லை முடித்தாள். சாயங்காலம் பஜாரில் இறங்கி ஒரு சின்னப் பூட்டும் கொண்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை கிளாட்வின் வந்தபோது சாம்பிள் செக்‌ஷன் வேறு ஒருவனுக்குப் போயிருந்தது. வேலை போகவில்லை, பழைய இடத்திலேயே இருந்தான். கைகால் கழுவிக்கொண்டு வந்தவன் அலமாரியைப் பார்த்து நின்றான். மேல்தட்டில் ஜீப், இரண்டு பக்கமும் சைடு கண்ணாடியோடு. அலமாரியின் கண்ணாடிக் கதவில் பூட்டு.

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்ல" என்றாள் சுஜிதா. "சோறு போட்டு வெச்சிருக்கேன், துன்னு."

அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் மேசைக்குப் போய், அன்று வந்திருந்த புதுக் கிட்டின் அட்டைப்பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்தாள்.