வேர்த்த குழல்

"வேர்க்குதுங்க முதலாளி..."

"சரியா தொடச்சிருக்க மாட்டே..."

"மூணு தரம் தொடச்சுட்டேங்க, பாருங்க, மறுபடியும்..."

"நான் பேசும்போது குறுக்க பேசாதடா இருசப்பா!"

மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலைப் பக்கம் காலை வெயில் வர மலையைத் தாண்டியாக வேண்டும். அதற்குள் துருத்தி ஊதி, அரம் தேய்த்து, இருசப்பனின் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கையிலிருந்த நாட்டுத் துப்பாக்கிக் குழலை ஒரு முனையில் அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி நிறுத்தியிருந்தான். ஒட்டுப் போட்ட இடத்தில் மயிரிழையாக எண்ணெய் பொடித்து நின்றது. பட்டறைப் பேச்சில் அது வேர்த்த குழல். அதில் மருந்தைக் கெட்டித்துச் சுட்டால், சுடுகிறவன் கையிலேயே வெடிக்கும்.

முன்பெல்லாம் முழு இரும்பைக் குடைந்துதான் குழல் செய்தார்கள். துப்பாக்கியைப் புளியமரத்தில் கட்டி, இரட்டை மருந்து போட்டு, தூர நின்று கயிற்றால் விசையை இழுப்பார்கள். அதில் தாங்கினால்தான் செய்தவனுடைய பெயரின் முதலெழுத்தைக் குழலில் அடிப்பார்கள். கடலைக் கொல்லைகளில் காட்டுப்பன்றி பெருகி, துப்பாக்கிக்கு ஆள் வரிசையாக வந்ததும், முதலாளி ராஜேந்திரன் தகட்டை வளைத்து ஒட்டிய மலிவான ஒட்டுக் குழாய் வாங்கிப் போட்டார். புளியமரம் அடுப்புக்குப் போயிற்று.

போன மாதம் அப்படி ஒரு குழல், சகாதேவன் என்ற குடியானவரின் இடக்கையில் மூன்று விரலைக் கொண்டுபோனது. குழலில் இருந்த எழுத்து 'சா'. மேஸ்திரி சாந்த் பாஷா இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஒட்டுக் குழலில் அவர் எழுத்தடிப்பதில்லை.

ராஜேந்திரன் சட்டைப் பையிலிருந்து ஓர் எஃகு அச்சை எடுத்துப் பட்டறைக் கல்லில் வைத்தார். 'இ'.

"ஏழு வருசம் துருத்தி ஊதினே. இன்னிலேர்ந்து நீ மேஸ்திரி. அடி."

கண்ணில் இரும்புத்தூள் விழுந்து ஊதிப்போன நாளிலும் இருசப்பன் வேலைக்கு வந்தது இந்த ஓரெழுத்துக்காகத்தான். கார்த்திகை தீபத்துக்குள்ள மேஸ்திரி ஆயிடுவேன்னு அம்மா ராஜம்மாளிடம் சொல்லி வைத்திருந்தான். அச்சை எடுத்துத் தடவிப் பார்த்தான். புத்தம் புதுசு, விரலைக் கீறியது. குழலைப் பார்த்தான். துடைத்த இடத்தில் மறுபடி பொடித்திருந்தது.

"இதுல வேணாங்க. முழு இரும்புல ஒண்ணு செஞ்சு அடிக்கிறேன்."

"அதுக்கு வேற பட்டறை பாரு. பாஷா, நீ அடி!"

"கை வராதுங்க," என்றார் பாஷா, சுத்தியைத் தொடாமலே. "ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்து மரத்துப்போச்சு."

குழலுக்குக் கறுப்பேற்றும் வஜீதா சிரித்துவிட்டாள்.

"என்னாடி இளிப்பு? உனக்கும் சேத்துதான் சொல்றேன். நாளைக்கே வேற ஆளுங்கள கொண்டாருவேன்."

"கொண்டாங்க. வர்றவங்களுக்கு இந்த வேர்வைய காட்டணும் இல்ல? நாங்க வாசல்லயேதான் இருப்போம். என்னா பாய்?"

"சகாதேவனையும் கூட்டியாரேன்மா. அந்தக் கையையும் பாக்கட்டும்."

துருத்தி நின்று, உலைக் கரி மேல் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. இருசப்பன் 'இ' அச்சை முதலாளி பக்கம் நகர்த்தி வைத்தான். விரல் மட்டும் அதைவிட்டு வரக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு போய் மற்ற இருவரோடு நின்றுகொண்டான்.

"நீங்க இல்லாட்டி அடிக்க முடியாதா? நானே அடிக்கிறேன்டா!" ராஜேந்திரன் ஒரு கையில் அச்சையும் மறு கையில் சுத்தியையும் எடுத்தார்.

"அடிங்க முதலாளி," என்றான் இருசப்பன். "ஆனா 'இ' வேணாம். உங்க 'ரா'வை அடிங்க."